பழைய மரச்சாமான்களில் காய்ந்து ஒட்டிய சிலிகானை அகற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

செகண்ட் ஹேண்ட் கடையிலோ, வீட்டைக் காலி செய்கிறவர்களிடமோ வாங்கும் மரச்சாமான்களில், இயல்பான தேய்மானத்தைவிட முந்தைய உரிமையாளர் அவசரத்தில் செய்த பழுதுபார்ப்பே பெரும்பாலும் அதிகத் தொல்லை தருகிறது. அவற்றுள் முதலிடம் சிலிகானுக்குத்தான். அலமாரிக் கதவில் கண்ணாடி ஆடினால், ஆசாரியை அழைத்து, கண்ணாடியைப் பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டியான பீடிங்கை மாற்றாமல், கண்ணாடிக் கடைக்காரரிடம் சொல்லிச் சுற்றிலும் டியூபில் வரும் சிலிகான் பசையை அடித்துவிடுகிறார்கள். டிரஸ்ஸிங் டேபிளின் நிலைக்கண்ணாடி, டைனிங் டேபிளின் மேல் கண்ணாடி, சமையலறை அலமாரியின் சுவரோர இடைவெளி, சன்மைக்கா தூக்கிக்கொண்ட விளிம்பு என்று எங்கும் அதே மருந்துதான். சில ஆண்டுகளில் அந்தப் பட்டை மஞ்சளித்து, தூசியை இழுத்துக் கறுத்து, ஓரங்களில் பூஞ்சை பிடித்துவிடுகிறது.

வாங்கியவர் முதலில் தின்னரை ஊற்றிப் பார்ப்பார், அது கரையாது. பிறகு ஹீட் கன் காட்டுவார், அது இளகாது. கடைசியில் உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பார். பட்டை போய்விட்டதுபோல் தோன்றும், ஆனால் அடுத்து அடிக்கும் பாலிஷ் அந்த இடத்தில் மட்டும் ஒட்டாமல் குழி குழியாக விலகி நிற்கும். இந்த மூன்று வழிகளும் ஏன் தோற்கின்றன என்று புரிந்துகொண்டால் சரியான வழி தானாகவே விளங்கும். இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்வது கண்ணாடிக் கதவு வைத்த தேக்கு அலமாரி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலிருந்து நகரத்துப் பழைய சாமான் கடைகள் வரை எங்கும் கிடைக்கும் பொருள் அது. மரம், கண்ணாடி, பித்தளை, பாலிஷ் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் சேர்வதால் வேலையின் எல்லாச் சிக்கல்களும் அதில் உண்டு.

சிலிகான் ஏன் கரைவதில்லை

சிலிகானின் முதுகெலும்பு, சிலிக்கன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. டியூபிலிருந்து வெளிவந்ததும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு, அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து ரப்பராக மாறுகின்றன. இப்படி வலைபோலப் பிணைந்துவிட்ட பொருளை ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கரைப்பதில்லை. மினரல் டர்பன்டைன் போன்ற பெட்ரோலிய எண்ணெய் வகைகள் அதனுள் ஊறி அதை உப்பவைத்து வலுவிழக்கச் செய்யும், அவ்வளவுதான். உப்பிய சிலிகானைப் பிடித்து இழுக்கலாம் என்பதே நமக்குக் கிடைக்கும் உதவி.

வெப்பமும் அப்படியே. சாதாரணச் சிலிகான் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு மாறாமல் தாக்குப்பிடிக்கும். பழைய தேக்குச் சாமான்களில் இருக்கும் அரக்குப் பாலிஷ் அதில் பாதி வெப்பத்திலேயே இளகிவிடும். எனவே ஹீட் கன் காட்டினால் சிலிகானுக்கு முன் பாலிஷ் போகும், கண்ணாடியும் விரிசல் விடலாம். உப்புத்தாளோ ரப்பரை வெட்டாமல் உருட்டித் தேய்த்து, அதிலுள்ள சிலிகான் எண்ணெயை மரத்தின் ரேகைகளுக்குள் பரப்பிவிடும். மேலே ஒட்டியிருந்த குறை மரத்துக்குள் இறங்கிய குறையாக மாறுவது அந்தக் கணத்தில்தான்.

ஆகவே வேலையின் வரிசை மாறக்கூடாது: முதலில் உலர்ந்த நிலையில் வெட்டி உரிப்பது, பிறகு மிஞ்சிய படலத்தை ஊறவைத்துச் சுரண்டித் துடைப்பது, எல்லாம் போனது உறுதியான பிறகே உப்புத்தாள்.

முதலில் அது சிலிகான்தானா என்று பாருங்கள்

பழைய சாமான்களில் ஒட்டிக்கிடப்பதெல்லாம் சிலிகான் அல்ல. எதுவென்று தெரியாமல் தொடங்கினால் நேரம் வீணாகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். ரப்பர்போல் உள்வாங்கி, விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பினால் சிலிகானாக இருக்க வாய்ப்பு அதிகம். கல்லாக இறுகி, வெடித்து, தட்டினால் பொடியாக உதிர்ந்தால் அது ஆளி விதை எண்ணெயில் சுண்ணப்பொடி குழைத்துச் செய்த பழைய கண்ணாடிப் பட்டி. அதை உளியால் மெல்லத் தட்டி எடுக்கலாம். வெள்ளையாகக் காய்ந்து, ஈரத்துணி போட்டு வைத்தால் மெதுவாகிப் பாலாகக் கலங்குவது மரம் ஒட்டும் வெள்ளைப் பசை. மஞ்சள் பழுப்பாக இருந்து, தின்னர் பட்டதும் பிசுபிசுவென்று இழைந்து வருவது சன்மைக்கா ஒட்டும் ரப்பர் பசை. ஹேர் டிரையர் சூட்டிலேயே இளகிவிடுவது குளூ கன் பசை.

இன்னும் ஐயம் இருந்தால், அரிசி அளவுத் துண்டை வெட்டிக் குறடால் பிடித்து, வீட்டுக்கு வெளியே தீயில் காட்டுங்கள். சிலிகான் வெண்புகையுடன் எரிந்து வெள்ளைச் சாம்பலை விட்டுச்செல்லும்; அந்தச் சாம்பல் பெரும்பாலும் மணலின் அதே சிலிக்கா. மற்ற பசைகள் கரும்புகை விட்டு, உருகிச் சொட்டி, கருகும். புகையை முகரவோ, கரைப்பான்கள் திறந்திருக்கும் இடத்தில் இதைச் செய்யவோ வேண்டாம்.

பித்தளைக் கீலையும் திருகாணிகளையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது. மலிவான சிலிகான்களில் பெரும்பாலானவை இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் அமிலத்தை வெளியிடுபவை; அடிக்கும்போது எழும் புளித்த நெடி அதனுடையதே. அது பித்தளையில் பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும், கண்ணாடியின் ரசத்தில் பட்டால் கறுப்பாக அரிக்கும். டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியின் பின்னால் அங்கங்கே வட்டமாக ரசம் போயிருந்தால், அந்த வட்டங்களின் நடுவில் சிலிகான் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரசத்தை நாம் மீட்க முடியாது. கண்ணாடியைக் காப்பாற்ற மெனக்கெடுவதா, புதிதாக வெட்டி வாங்குவதா என்பதை வேலைக்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.

அடியிலுள்ள பூச்சை அறிந்துகொள்ளுதல்

சிலிகானுக்குப் பயன்படுத்தும் கரைப்பான், சிலிகானைவிடப் பாலிஷை வேகமாகத் தாக்கும் என்பதை மறக்கக்கூடாது. கதவின் உட்பக்கத்திலோ கால் மறைவிலோ, கண்ணில் படாத ஓரிடத்தில் பஞ்சு முனையால் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பிசுபிசுத்து விரலில் நிறம் ஒட்டினால் அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பிரெஞ்சுப் பாலிஷ். அந்தச் சாமானில் ஸ்பிரிட்டும் அசிட்டோனும் தின்னரும் பாலிஷ் உள்ள இடங்களில் படவே கூடாது. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர். இரண்டுக்கும் உடனே அசையாதது பெரும்பாலும் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ்.

இந்த மூன்று வகையிலும் பெரிய ஆபத்தில்லாமல் பயன்படுத்தக்கூடியது பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன். மெழுகு பூசியிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடும். மெழுகை மறுபடி பூசிக்கொள்ளலாம். இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு கரைப்பான்தான் வாங்க முடியும் என்றால் நான் டர்பன்டைனையே வாங்குவேன்.

சாமானில் மரம் தெரியாதபடி பழைய எனாமல் பெயின்ட் அடித்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்று கொண்டு, காய்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாமல், ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். கைக்குழந்தை இருக்கும் அறையில் செய்ய வேண்டாம்.

கைக்கு வேண்டிய பொருள்கள்

கட்டர் கத்தியும் புதிய பிளேடுகளும். கண்ணாடிக்கு உலோக ஸ்கிரேப்பர். மரத்துக்கு, காலாவதியான ஏ.டி.எம். அட்டையை நறுக்கிச் செய்த சுரண்டிகள்; ஐஸ் குச்சி அல்லது ஓரம் சீவிய மூங்கில் குச்சி; மாஸ்கிங் டேப்; தூண்டில் நரம்பு; பழைய பல் தேய்க்கும் பிரஷ்; நிறையப் பருத்தித் துணி. கையுறை நைட்ரைல் வகையாக இருக்கட்டும். துணி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது. சிலிகான் பட்ட துணியால் அடுத்த இடத்தைத் துடைத்தால், இல்லாத இடத்திலும் அதை நாமே பூசுகிறோம்.

பட்டையை வெட்டி உரித்தல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது. இதில் பொறுமை காட்டுகிறவருக்கு வேதிப்பொருள் கொஞ்சமே தேவைப்படும். கதவைக் கழற்ற முடிந்தால் கீலோடு கழற்றி, பழைய போர்வை விரித்த மேசையில் படுக்கவையுங்கள். நிற்கும் கதவில் வேலை செய்தால் கத்தி வழுக்கும்போது கையும் மரமும் இரண்டுமே கிழிபடும். சிலிகான் பட்டையை ஒட்டியபடி மரத்தின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள். பாலிஷ் பலவீனமாக இருந்தால் டேப்பை முதலில் ஒரு துணியில் ஒற்றி எடுத்து அதன் பிடிப்பைக் குறைத்த பிறகு ஒட்டுங்கள்.

ஒரு பட்டைக்கு இரண்டு ஓரங்கள் உண்டு: கண்ணாடியைத் தொடும் ஓரம், மரத்தைத் தொடும் ஓரம். முதலில் கண்ணாடி ஓரத்தை வெட்டுங்கள். பிளேடைக் கண்ணாடியோடு ஏறக்குறையப் படுக்கவைத்து, ஒரே சீராக இழுத்துக்கொண்டு போனால், பிளேடு கண்ணாடியில் சறுக்கும் மெல்லிய ஒலி மட்டும் கேட்கும். அந்த ஒலி மாறி, கத்தி இழுபட்டால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள், உடனே மாற்றிவிடுங்கள். அடுத்து மர ஓரம். இங்கே மரத்தை நோக்கிக் கத்தியைச் சாய்க்கவே கூடாது. சிலிகானுக்குள்ளேயே, மரத்திலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி வெட்டுங்கள். மரத்தில் ஒட்டி நிற்கும் மெல்லிய மிச்சத்தைப் பிறகு எடுக்கலாம். மரத்தில் விழுந்த கீறலை எடுக்க முடியாது.

இரண்டு ஓரமும் வெட்டிய பிறகு ஒரு மூலையில் மூங்கில் குச்சியின் முனையை நுழைத்து, நுனியை ஓர் அங்குலம் கிளப்புங்கள். அந்த நுனியை விரல்களில் பிடித்து நேர் மேலே தூக்காமல், பட்டையின்மேலேயே பின்னோக்கி மடித்து, பரப்புக்கு ஏறக்குறைய இணையாக, மெதுவாக இழுங்கள். மேலே தூக்கினால் பட்டை அறுந்துபோகும். மரத்தில் வெனீர் என்ற மெல்லிய மரத்தாள் ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து பிய்ந்துவரும். மடித்து இழுத்தால் விசை முழுவதும் ஒட்டுக் கோட்டில் மட்டும் விழும், பட்டை நீளமாக உரிந்து வரும். அது அறுந்த இடத்தில் மறுபடி குச்சியால் தொடங்குங்கள். வெனீர் உள்ள சாமானில் மர ரேகை ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் சிலாம்பு கிளம்பும்.

பட்டை எவ்வளவு வயதானதாக இருந்தாலும் இதே முறைதான். வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்ட சிலிகான் ஓரங்களில் தானாகவே விட்டிருக்கும். அலமாரியின் உட்புறத்தில் இருப்பது அடித்த நாளின் பிடிப்போடு இருக்கும். முதலாவதைக் கண்டு இரண்டாவதையும் எளிதென்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டத்துக்குள் ஒட்டிய கண்ணாடியைக் கழற்றுதல்

பழைய தேக்குக் கதவுகளில் கண்ணாடி முதலில் சட்டத்தின் வெட்டில் உட்கார்ந்து, உட்புறம் மரப் பீடிங்கும் சின்ன ஆணிகளும் பிடித்திருக்கும். சிலிகான் பின்னாளில் வந்தது. அதனால் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பீடிங் அப்படியே இருக்கும். சிலிகானை உரித்ததும் பட்டித் தகட்டைப் பீடிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்ல நுழைத்து, ஆணி இருக்கும் இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினால் பீடிங் உடையாமல் வந்துவிடும். எது எந்தப் பக்கத்துக்கு உரியது என்று பென்சிலால் பின்புறம் குறித்துவையுங்கள். கையால் அறுத்துச் செய்த கதவில் நான்கு பக்கமும் ஒரே நீளம் இருக்காது.

பீடிங்கை எடுத்த பிறகும் கண்ணாடி அசையாவிட்டால், வெட்டுக்குள் சிலிகான் இறங்கியிருக்கிறது. திருப்புளியை நுழைத்து நெம்பக்கூடாது. ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்தைக் கண்ணாடி தாங்காது. முகக்கண்ணாடியானாலும் சரி, சாதாரணக் கண்ணாடியானாலும் சரி, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் துண்டுகள் சிதறாது. பிறகு தூண்டில் நரம்பின் இரு முனைகளையும் இரண்டு குச்சிகளில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு மூலையில் கண்ணாடிக்குப் பின்னால் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இங்கும் அங்கும் இழுத்தால் நரம்பு சிலிகானை அறுத்துக்கொண்டே இறங்கும். நரம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டால் சூடேறி அறாது. டிரஸ்ஸிங் டேபிளிலும் இரும்பு பீரோவின் கதவிலும் பொட்டுப் பொட்டாக ஒட்டிய கண்ணாடிக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. கடைசிப் பொட்டு அறும்போது கண்ணாடியின் முழு எடையும் ஒரேயடியாக விடுபடும். அதனால் இன்னொருவர் கீழே தாங்கிப் பிடிக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் இங்கே கட்டாயம்.

மிஞ்சிய படலம்

பட்டை உரிந்த இடம் சுத்தமாகத் தெரியும். உலர்ந்த கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய நூல்கள் விரலடியில் உருண்டு திரண்டால் படலம் இன்னும் இருக்கிறது. முடிந்தவரை அதை விரலாலேயே உருட்டி எடுங்கள். கரைப்பானைத் தொடாமல் எடுக்கும் ஒவ்வொரு நூலும் லாபம்.

விரலுக்கு வராததற்கு டர்பன்டைன். பஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, படலத்தின்மேல் நீளவாக்கில் வைத்து, ஆவியாகிவிடாமல் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் ஓர் ஓரத்தைத் திறந்து பாருங்கள். படலம் உப்பிச் சுருங்கியிருந்தால், ஏ.டி.எம். அட்டையின் கூரான ஓரத்தால் ரேகையின் போக்கிலேயே தள்ளுங்கள். பர்மாத் தேக்கின் ஆழமான ரேகைகளில் சிக்கியதைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். ஒவ்வொரு முறை தள்ளிய பிறகும் அட்டையின் முனையைத் துணியில் துடைத்துவிடுங்கள். தேவைப்பட்டால் இரண்டு மூன்று முறை ஊறவைக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது எண்ணெயை எடுப்பது. படலம் போனாலும் சிலிகான் எண்ணெய் மேற்பரப்பில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இதற்கு இரண்டு துணி முறை. ஒரு துணியில் டர்பன்டைன் நனைத்து ஒரே திசையில் துடைத்து, அது காய்வதற்குள் மறு கையிலுள்ள உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைப்பான் மட்டும் பறந்து, எண்ணெய் அங்கேயே படியும். துணியின் பக்கத்தை ஒவ்வொரு துடைப்புக்கும் மாற்றுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பாலிஷ் முழுவதும் நீக்கிய வெறும் மரமாக இருந்தால் கடைசி ஒரு சுற்று அசிட்டோனால் துடைக்கலாம்.

சாளரங்களைத் திறந்துவைத்து, முடிந்தால் மொட்டைமாடி நிழலிலோ முற்றத்திலோ இந்த வேலையைச் செய்யுங்கள். அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவர்த்தி எதுவும் அருகில் எரியக்கூடாது. நனைந்த துணிகளைச் சுருட்டிக் கூடையில் போடாமல், வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் சேருங்கள்.

சிலிகான் ரிமூவர் எப்போது, எங்கே

ஹார்டுவேர் கடைகளில் சிலிகான் ரிமூவர் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒரே வகை அல்ல. சில, டர்பன்டைனைப் போல வெறுமனே உப்பவைப்பவை. உண்மையிலேயே சிலிகானைச் சிதைப்பவற்றில் பெரும்பாலும் டோடெசில்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம் போன்ற வலுவான அமிலம் இருக்கும். அது சங்கிலியையே துண்டு துண்டாக வெட்டிக் கூழாக்குகிறது. கண்ணாடியிலும் சன்மைக்காவிலும் அது நன்றாக வேலை செய்யும். தேக்கில் கறை விடும், பிளைவுட் விளிம்பில் ஊறும், பித்தளையைக் கறுக்கவைக்கும், மார்பிளை அரித்துப் பளபளப்பைக் கொல்லும். வெறும் மரத்தில் இதைப் பூச நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடியைச் சட்டத்திலிருந்து கழற்றித் தனியே வைத்துப் பூசுவதே முறை. டப்பாவில் சொன்ன நேரம் முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். உடலுக்குள் போனதும் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் உயிரைப் பறித்திருக்கிறது. பெயின்ட் நீக்கியாக அதைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது.

பூஞ்சைக் கறுப்பைப் போக்கப் பிளீச்சிங் திரவம் ஊற்றுகிறவர்களுக்கு ஒரு சொல்: பிளீச்சோடு வினிகரோ, அமில ரிமூவரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஸ்பிரிட்டும் அசிட்டோனும்கூடப் பிளீச்சோடு சேரக்கூடாது. எப்படியும் சிலிகானோடு சேர்ந்து பூஞ்சையும் போகப்போகிறது. தனி மருந்து தேவையில்லை.

மற்றப் பரப்புகள்

கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, புதிய பிளேடை 30 டிகிரி சாய்வில் ஒரே திசையில் தள்ளினால் போதும். முன்னும் பின்னும் தேய்த்தால் பிளேடுக்கடியில் சிக்கும் மணல் கோடு போடும். மூலையில் முத்திரை பதித்த டஃபன்ட் (கடினமாக்கிய) கண்ணாடியில் பிளேடைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அக்ரிலிக் தகட்டில் அசிட்டோன் பட்டால் மங்கி வெடிக்கும். சன்மைக்காவில் பிளாஸ்டிக் சுரண்டியும் அசிட்டோனும் போதும். விளிம்பு வழியே உள்ளே இறங்காமல் துணியில் மட்டும் நனைத்துத் துடையுங்கள். இரும்பு பீரோவின் பெயின்டில் தின்னர் படக்கூடாது, டர்பன்டைன் போதும்.

மார்பிள் பலகை வைத்த பழைய மேசைகளில், சிலிகானின் எண்ணெய் கல்லுக்குள் ஊறி ஓரமெங்கும் கருத்த கோடு விட்டிருக்கும். டால்கம் பொடியை அசிட்டோனில் களிபோலக் குழைத்து அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, திறந்து காயவைத்து எடுங்கள். பொடி எண்ணெயை இழுத்துக்கொள்ளும். பழைய கறை ஒரே அப்பலில் போகாது. திரும்பச் செய்யச் செய்ய மங்கும். பித்தளைக் கீலிலுள்ள பச்சைக் களிம்புக்கு நம் வீட்டுப் புளியே போதும், ஆனால் கீலை மரத்திலிருந்து கழற்றிய பிறகு.

ஆடும் நாற்காலிக் காலின் மூட்டுக்குள் சிலிகானைத் திணித்துவைத்திருப்பது தனிக் கொடுமை. அந்த மரத்தில் பசை மறுபடி பிடிக்காது. மூட்டைப் பிரித்து, கூரான உளியால் புதிய மரம் தெரியும்வரை மெல்லச் சீவிவிட்டே பசையிட வேண்டும். சீவியதால் மூட்டு தளர்ந்தால் மெல்லிய தேக்குச் சிராயை வைத்து இறுக்கலாம்.

சோதனை, உப்புத்தாள், பாலிஷ்

வெறும் மரத்தில் படலம் போய்விட்டதா என்று தண்ணீரே சொல்லும். நனைத்த துணியால் லேசாகத் துடையுங்கள். சுத்தமான மரம் சீராக நனைந்து கருக்கும். சிலிகான் இருக்கும் இடத்தில் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு விலகும். பாலிஷோ மெழுகோ உள்ள பரப்பிலும் தண்ணீர் திரளும் என்பதால், அங்கே சிலிகான் படாத பக்கத்தையும் நனைத்து ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். விலகும் இடம் இருந்தால் மறுபடி டர்பன்டைனும் இரண்டு துணியும்.

சோதனையில் தேறிய பிறகு, மரம் நன்றாகக் காய்ந்ததும், 180 எண் உப்புத்தாளால் ரேகையின் போக்கில் தொடங்கி 220-இல் முடியுங்கள். தாள் அடைத்துக்கொண்டால் தட்டித் தட்டிப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, டர்பன்டைன் துணியால் ஒருமுறை துடைத்து முடியுங்கள்.

பாலிஷில் குழி விழும் ஆபத்து இன்னும் கொஞ்சம் இருக்கவே செய்யும். மிகச் சிறிதளவு சிலிகான் எண்ணெய்கூட ஈரப் பாலிஷைத் தன்மேல் பரவவிடாமல் தள்ளும். அதற்கு நம்பகமான காப்பு, மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிய பூச்சாக முதலில் அடிப்பது. ஸ்பிரிட் வேகமாகப் பறப்பதால் அரக்கு விலகுவதற்குள் இறுகி, கீழே மிஞ்சியதை மூடிவிடும், அதன்மேல் பி.யூ.வோ மெலமைனோ எதுவும் நிற்கும். மெழுகு நீக்காத அரக்கின்மேல் பி.யூ. சரியாகப் பிடிக்காது என்பதால் கடையில் கேட்டு வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் அரக்குப் பூச்சு காற்றின் ஈரத்தால் வெளுத்துப்போகும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, முற்பகல் ஈரம் விலகிய பிறகு அடியுங்கள். சிலிகான் கலந்த பளபளப்பு ஸ்பிரேக்களை இந்தச் சாமானின் பக்கமே கொண்டுவர வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை அவை ஒரே வாரத்தில் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

கண்ணாடியை மறுபடி பொருத்துதல்

கதவுக்கு என் பரிந்துரை மரப் பீடிங்கே. குறித்துவைத்த பீடிங்குகளை அவற்றின் பக்கங்களிலேயே வைத்து, புதிய துளைகளில் சின்ன ஆணி அடியுங்கள்; சுத்தியலின் அடி கண்ணாடியில் விழாமலிருக்க நடுவே கெட்டி அட்டையைச் செருகிக்கொள்ளலாம். கண்ணாடி ஆடினால், பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய ஃபெல்ட் துண்டு வைத்தால் அடங்கிவிடும். அடுத்து இந்த அலமாரியை வாங்குகிறவர் திருப்புளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணாடியை மாற்ற முடியும்.

சிலிகான் தவிர்க்கவே முடியாத இடம் என்றால், கடையில் நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். புளித்த நெடி இல்லாத அந்த வகை அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதில்லை. பழைய சிலிகானின்மேல் புதியது சரியாகப் பிடிக்காது. எனவே மிச்சம் இருக்கும் இடத்தின்மேல் அடித்து மூடப் பார்க்காதீர்கள். மெல்லிய பட்டையாக அடித்து, மேல்தோல் கட்டுவதற்குள், பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள், சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் இழைத்து டேப்பை உரித்துவிடுங்கள். அது ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் வரையே இறுகும். கனமான பட்டையாக இருந்தால் கதவை இரண்டு மூன்று நாள்கள் படுக்கையிலேயே வைத்திருந்து, பிறகு கீலில் மாட்டுங்கள்.